மூளை காக்கும் முத்துச் சொட்டு

தருவைகுளத்துக்கு ஞானம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியது. தலையில் ஹெல்மெட், இடையில் காவி, பையில் குப்பி. திருநாமம் முத்துச்சித்தர் அருணாசலவடிவு. கொற்கை முத்தைக் கரைத்த சொட்டாம்! மண்டையே பிளந்தாலும் மூளை கெடாதாம்! சிலுவை அணிந்தோரும் திருநீறு பூசியோரும் தோளோடு தோள் நின்றனர். ஏமாறுவதில்தான் எத்தனை சமய ஒற்றுமை! கொற்கையை விட்டுக் கடல் விலகிப் பல நூற்றாண்டுகள் ஆயின. இன்று அங்கே விளைவது நெல். முத்து எந்த வயலில் விளைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று விசைப்படகில் வலையிழுக்கும் கம்பி அறுந்து மெல்வினின் தலையில் அடித்தது. கரைக்குத் தூக்கி வந்ததும் மனைவி டயானா மருத்துவமனையை மறந்தாள், சித்தரை நினைத்தாள். மயங்கிக் கிடந்தவன் மூக்கருகே சித்தர் குப்பியைத் திறந்தார். மெல்வின் துடித்துக் கண் திறந்தான். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலிலேயே கண்கள் மீண்டும் மூடின.

இரண்டு மணி நேரம் கழித்து, ஐஸ் கம்பெனியில் மெஷின் ஓட்டும் ரோச் செய்தி கேட்டு ஓடிவந்தான்.

“ஏளா டயானா, வாந்தி எடுத்திருக்கான் பாரு! ஆஸ்பத்திரிக்குத் தூக்குவோம்.”

“அவிய கண்ணு முழிச்சாவளே அண்ணே! இன்னும் ரெண்டு தடவ காட்டுனா எந்திரிச்சிருவாவன்னு சித்தர் சொல்லுதாரு.”

ரோச் குப்பியை வாங்கி மோந்தான், முகம் சுளித்தான். “ஏலே, இது நம்ம கம்பெனி அமோனியால்லா! பைப் கசிஞ்சா இந்த நாத்தந்தான அடிக்கும்!”

சித்தர் புன்னகைத்தார். “தம்பி, கலங்குன மூளைக்குத்தான் இது உறைக்கும். நல்ல மூளைக்கு வெறும் தண்ணி. உனக்கு உறைச்சுதுன்னா எதுக்கும் பாத்துக்கோ.”

கூட்டம் சிரித்தது.

“அப்படியா அண்ணாச்சி? அப்பம் உமக்குத் தண்ணிதான?” ரோச் குப்பியை அந்தத் திருமூக்கின் அடியில் நீட்டினான்.

ஞானம் துள்ளியது, இருமியது, தாரை தாரையாகக் கண்ணீர் வடித்தது.

“உமக்கு எப்பம் அண்ணாச்சி மண்டையில அடிபட்டது?”

கூட்டம் இன்னும் உரக்கச் சிரித்தது. டயானா மட்டும் சிரிக்கவில்லை. “அண்ணே, அவியளத் தூக்குங்க!” என்று அலறினாள்.

தூத்துக்குடி மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, மூளையை அழுத்திய ரத்தக்கட்டியை அகற்றினார்கள். “மூளையக் காக்க ஒரு மருந்து இல்லையா டாக்டர்?” என்றாள் டயானா.

“உலகமே தேடிக்கிட்டிருக்கும்மா. எத்தனையோ சோதிச்சாச்சு, நிச்சயம்னு சொல்ல ஒண்ணும் கிடைக்கல. சீக்கிரமா கூட்டிட்டு வந்திருக்கணும்.”

படித்தவர் ‘இல்லை’ என்றார். குப்பிக்காரர் ‘இருக்கிறது’ என்றார். நாம் குப்பியைத்தான் நம்பினோம்! மெல்வின் பிழைத்தான். வீணடித்த அந்த இரண்டு மணி நேரத்துக்காக அவன் வலக்கை இன்றும் வலை பிடிக்க மறுக்கிறது.

சித்தரோ, தப்பியோடிய அவசரத்திலும் ஹெல்மெட்டை மறக்கவில்லை. ஆம் தோழர்களே! அந்தக் கூட்டத்தில் சொட்டு மருந்தை நம்பாமல் தன் தலையைக் காத்துக்கொண்ட பகுத்தறிவாளர் அவர்தாம். உங்கள் தலையை யாரிடம் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்?