குவபாரா வீட்டுப் பெயர்ப்பலகை

இந்த வீட்டில் இனி என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். நான் குவபாரா இசாமு. நாகோயாவில் அந்தப் பெயரை வாசற்பலகையில் மாட்டி இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. என் மனைவி சிதோசேயும் குவபாராதான். எங்கள் நாட்டுச் சட்டப்படி புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும். யாருடைய பெயர் என்பது அவரவர் இஷ்டம். எங்கள் வீட்டில் அது என் இஷ்டமாக இருந்தது.

அன்று பள்ளித் தோழிகளைப் பார்த்துவிட்டு வந்தவள் சூப்பைக்கூடச் சுட வைக்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

"பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல உக்காந்தவ, என் சட்டையில குத்தியிருந்த பேரு அட்டையைப் படிச்சுட்டு அப்படியே தாண்டிப் போயிட்டா. குவபாரான்னு யாரையும் தெரியாதாம். எனக்கு நிஷியோகாங்கற என் பொறந்த வீட்டுப் பேரு திரும்ப வேணுங்க."

"அதுக்குச் சட்டத்துல ஒரே வழிதான். விவாகரத்து. பண்ணிக்கறியா?"

இதோடு வாயடைத்துப் போவாள் என்று நினைத்தேன். அவள் அலமாரியைத் திறந்து விவாகரத்துப் படிவத்தை எடுத்தாள்.

"பண்ணிக்கலாங்க. ரெண்டு சாட்சிக் கையெழுத்தும் போன மாசமே வாங்கியாச்சு. ஒண்ணு பக்கத்து வீட்டு ஒகாதா அம்மா."

"இன்னொண்ணு?"

"உங்க தம்பி."

"அடப்பாவி."

"காகிதத்துலதானே பிரியறோம். நாளைக்கும் இதே வீடு, இதே சூப்பு."

ரோஷத்தில் கையெழுத்துப் போட்டு என் முத்திரையையும் குத்திவிட்டேன். மறுநாளும் சூப்பு வந்தது. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினாள். எனக்கொன்றும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்திருந்தேன், அவள் சைக்கிளிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொள்ளும் வரை.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து கேட்டார்கள்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"புருஷன்."

"பேரு வேறயா இருக்கே?"

"விவாகரத்து ஆயிடுச்சு. ஆனா நாங்க ரொம்ப ஒத்துமை."

கேட்ட நர்ஸ் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு, செந்தாய் நகரில் இருக்கும் சிதோசேயின் அக்காவுக்குப் போன் போட்டாள். நான் வராந்தாவில் சிதோசேயின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. அவளுக்கு நான் யாருமில்லை என்றால் பிறகு நான் யார்?

கட்டுப் பிரித்த அன்றே கேட்டுவிட்டேன்.

"சிதோசே, என்னை மறுபடி கட்டிக்கறியா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கட்டிக்கறேங்க," என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா யாரு பேரு?" என்றாள்.

"என்..."

"ஜான்கென் போட்டுப் பாத்துரலாம்."

கல், கத்தரி, காகிதம். கடைசி மீன் துண்டு யாருக்கு என்பதிலிருந்து எங்கள் ஊர் வழக்குகள் எல்லாம் அந்தக் கை விளையாட்டில்தான் தீரும். அடுத்த ஞாயிறு என்று நாள் குறித்தோம்.

நான் எப்போதும் கல்தான் போடுவேன். அது அவளுக்குத் தெரியும். அதனால் காகிதம் போட்டுக் கல்லை மூடப் பார்ப்பாள். அதனால் நான் கத்தரி போட்டுக் காகிதத்தை வெட்டிவிடுவேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

போட்டோம். நான் கத்தரி. அவள் கத்தரியை உடைக்கும் கல்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"வாரம் பூரா பல் தேய்க்கறப்போ கண்ணாடி முன்னாடி கத்தரி மாதிரி ரெண்டு விரலை நீட்டி நீட்டிப் பழகினீங்களே."

திருப்புளியோடு வாசலுக்குப் போனேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு அவளும் நொண்டி நொண்டி வந்தாள். முதல் ஸ்க்ரூவைக் கழற்றும்போது மனசு கேட்கவில்லை.

"ஏம்மா, பின்னால எனக்கு என் பழைய பேரு திரும்ப வேணும்னா?"

"ரொம்பச் சுலபங்க. என்னை விவாகரத்து பண்ணிடுங்க. சாட்சிக்கு உங்க தம்பி இருக்காரு."

நான் இரண்டாவது ஸ்க்ரூவைக் கழற்றினேன்.