பின்சக்கரத்துப் பண்டிதர்

கையேடு படிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் ஆண் இனம் ஒன்று உண்டு. ஸ்வீடனில் அது மழையில்லாத நாட்களில், வீட்டு வாசலில், ஜாக்கி வைத்துத் தூக்கிய காரின் பக்கத்தில் முழங்காலிட்டுக் காணப்படும். நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

நம் சிக்ஸ்டன் அந்த இனத்தின் நல்ல மாதிரி. பின்பக்க பிரேக் சரியில்லை என்று சோதனை நிலையத்தில் காரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்று மூன்று மணிக்கு மறுசோதனை. தேறாவிட்டால் நாளை முதல் வண்டியைத் தெருவில் எடுக்கத் தடை. நாளையோ கோடைத் திருநாள். மனைவி குன்வோரின் அக்காள் வீட்டில் விருந்து.

மெக்கானிக்கிடம் விடலாமே என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். முன்சக்கரத்தில் முப்பது வருஷ அனுபவம் என்பார், சக்கரத்தைக் கழற்றுவார், தேய்ந்த பிரேக் பேடைப் பிடுங்கி வெயிலில் தூக்கிக் காட்டுவார், புதுசுக்கு இடம் பண்ண மரவேலை கிளாம்ப்பை மாட்டி, பேடைத் தள்ளும் பிஸ்டனை முகம் சிவக்கும்வரை நெருக்குவார். முன்பக்கத்தில் அப்படித்தான் உள்ளே போகும். பின்பக்கத்தில் போகுமா? போகவில்லை.

"வண்டி செஞ்சவனுக்குத் தொழில் தெரியல," என்றார்.

படியில் உட்கார்ந்து ஏலக்காய் பன்னைக் கடித்தபடி குன்வோர் கையேட்டைப் புரட்டினாள். "பின்னாடி பிஸ்டன அழுத்திக்கிட்டே திருகணுமாம். வெறுமனே நெருக்குனா கெட்டுப்போகுமாம்."

"அதெல்லாம் தெரியாதவங்களுக்கு எழுதினது."

"சரி. நான் போய்க் காபி போட்டுட்டு வரேன். மெதுவாத்தான் வருவேன்."

அவள் உள்ளே போனாள். அவர் திருகினார். பிஸ்டன் சமர்த்தாக உள்ளே போயிற்று.

"ஒரு தட்டு தட்டினேன், வழிக்கு வந்துடுச்சு," என்றார், காபியை வாங்கிக்கொண்டு.

இரண்டரைக்கு எல்லாம் மாட்டியாயிற்று. வாசலோ சரிவு. சரிவு முடியும் இடத்தில் பக்கத்து வீட்டின் புது வேலி. சிக்ஸ்டன் கையைத் துடைப்பதற்குள் குன்வோர் ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தாள். முதல் மூன்று மிதிக்கு பெடல் பிடிப்பே இல்லாமல் தரையைத் தொட்டது. பிறகுதான் காலை எதிர்த்து நின்றது.

அவர் வேலியைப் பார்த்தார்.

"பேடு மாத்துனதும் பெடல் இறுகுறவரைக்கும் மிதிக்கணுமாம், இல்லேன்னா வண்டி நிக்காதாம். இருபத்துமூணாம் பக்கம்," என்றாள்.

"அதத்தான் சொல்ல வந்தேன்."

வண்டி தேறிவிட்டது. விருந்தில் அக்காள் புருஷனைப் பிடித்து உட்கார வைத்து இரண்டு மணி நேரம் விளக்கினார்: "திருகணும்பா. இது பல பேருக்குத் தெரியாது." குன்வோர் உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அப்படியே எழுந்து போய், உங்கள் வாஷிங் மெஷினோடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்திருக்கிறீர்களா?