நிற்காத நிரலும் உன் அக்காவும்

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. ஜெராட் ஆர்சனோ அவர்களுக்கு,

லயனல் திபோடோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலும் உன் அக்காவின் கோபமும் தவிர மற்றதெல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. லூயிஸ்டனில் நீயும் பெர்னடெட்டும் பிள்ளைகளும் பனியில் வழுக்கி விழாமல் நடமாடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியாதைக்கு இவ்வளவு போதும். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டாய்: "அத்தான், உங்க கல்யாண நாள் விருந்துல நான்தான் பேசணுமாம். அக்காவை எப்படிப் பிடிச்சீங்க? ரெண்டு வரி எழுதி அனுப்புங்க, போதும்." நானும் முயன்று பார்த்தேன். ஆனால் உன் அக்காவை நான் பிடித்தது ஒரு டீபக்கரால். அது என்ன என்று சொல்லாமல் ஒரு வரிகூட நகராது. நீ கூரை போடுகிறவன், உனக்குப் புரியும். தண்ணீர் சொட்டுவது சமையலறையில், ஓட்டை இருப்பது புகைபோக்கிப் பக்கம். கணினி நிரல்களும் அப்படித்தான். ஓடுகிற நிரலை நடுவழியில் நிறுத்தி, அதன் சட்டைப்பையைத் துழாவி, ஓட்டை எங்கே என்று காட்டிக்கொடுக்கும் இன்னொரு நிரலுக்குத்தான் டீபக்கர் என்று பெயர்.

அப்போது எங்கள் கம்பெனி ஒரு பழைய கம்பளி ஆலைக்குள் இருந்தது. நூறு வருஷம் ஆட்டுமயிர் அலசிய கட்டடம். ஜூலை வெயிலில் உத்தரங்களில் ஊறிக் கிடந்த ஆட்டுக்கொழுப்பு உருகி எங்கள் தலையில் சொட்டும். வருங்காலத்துக் கணினி இங்கேதான் பிறக்கிறது என்று வாசலில் விளம்பரம், உள்ளே நுழைந்தால் மந்தை வாசனை. என் அப்பா அதே கட்டடத்தில் கம்பளிக்குச் சாயம் போட்டவர். ஆலையை மூடிய அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். அவர் வேலை போன இடத்தில் எனக்கு வேலை கிடைத்ததில் அம்மாவுக்குப் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது.

அந்த வருஷம் கணினிக்கு மூளையான பிராசஸர் புதிதாக வந்தது. பழையதைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் பேசும் பாஷையே வேறு. பழைய இயந்திரத்தில் ஓடியதையெல்லாம் இதற்கு ஏற்றபடி மாற்றியாக வேண்டும். என் தலையில் விழுந்தது டீபக்கர். எங்கள் மேலாளர் டன்ஃபி என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "லயனல், நீ என்ன புதுசாவா எழுதப் போறே? ரெஜிஸ்டர் பேரை மாத்தணும், அவ்வளவுதானே. இலை உதிர்றதுக்குள்ள முடிச்சிடு" என்றார். இலை உதிர்ந்தது. பனியும் விழுந்தது. நான் எங்கே இருந்தேன் தெரியுமா? டீபக்கரில் இருக்கும் பிழையைக் கண்டுபிடிக்க டீபக்கர் வேண்டும். ஊரில் இருக்கிற ஒரே ஒரு டீபக்கர் என்னிடம் இருக்கிறது, உடைந்துபோய். அந்த இடத்தில் இருந்தேன். பழைய பிராசஸருக்கு ஒரு அடி நட, நில் என்றால் நிற்கத் தெரியும். புதியதற்கு அந்தப் பழக்கமே கிடையாது. அடுத்து எங்கே கால் வைக்கும் என்று நாமே ஊகித்து அங்கே முன்கூட்டித் தடுப்பு வைக்க வேண்டும். பாதை இரண்டாகப் பிரியும் ஓர் இடத்தில் நான் ஒரு பக்கம் மட்டும் வைத்தேன். நிரல் மறுபக்கமாகப் போய் ஒரேயடியாகக் கம்பி நீட்டிவிட்டது. பிறகு, உன்னை அழைத்தது யார் என்று நிரலைக் கேட்டால் பழையது ஒழுங்காக வம்சாவளி சொல்லும். புதியது, என்னை நானே அழைத்தேன், அதற்கு முன்பும் நானே அழைத்தேன் என்று திரை நிறையச் சொல்லிக்கொண்டே போனது. அதையெல்லாம்கூட ஒருவழியாகச் சரிக்கட்டிவிட்டேன், மச்சான். கடைசியில் என்னை மண்ணைக் கவ்வ வைத்தது பொறி.

நிரல் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ, அங்கே இருக்கும் கட்டளையைப் பெயர்த்து எடுத்துவிட்டு ஒரு பொறியை வைப்போம். நிரல் வந்து மிதிக்கும், நிற்கும். வித்தையே இவ்வளவுதான். புது இயந்திரத்தில் என்ன நடந்தது? நிரல் பொறி மேலேயே நடந்து போனது. சில சமயம் நிற்கும், சில சமயம் ஒன்றுமே இல்லாததுபோலத் தாண்டிப்போகும். டன்ஃபி பார்க்கும்போது நிற்காது. அவர் முதுகைத் திருப்பினால் நிற்கும். இன்னொரு நிரலின் நினைவகத்தில் பொறியை வைக்க வேண்டுமானால் எல்லா நிரல்களையும் மேய்க்கும் இயங்குதளத்திடம்தான் கேட்க வேண்டும். இயங்குதளத்தில் அந்தப் பகுதியை எழுதியவள் மூன்றாம் மாடியில் கோலெட் ஆர்சனோ என்று சொன்னார்கள். ஏறிப்போனேன்.

"மிஸ் ஆர்சனோ, உங்க எழுத்துல கோளாறு. நான் வைக்கச் சொன்ன பொறியை நீங்க வைக்கல."

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். "இதோ இருக்கே! இது பொறி இல்லாம என்ன, உங்க தாத்தாவோட தொப்பியா?"

"அப்ப ஏன் நிக்கல?"

"அதை உங்க நிரல்கிட்ட போய்க் கேளுங்க. என்கிட்ட வந்து எதுக்கு மூச்சு வாங்குறீங்க?"

"இத்தனை படி ஏறி வந்திருக்கேன், மூச்சு வாங்காதா?"

"இறங்கும்போது வாங்காது. போயிட்டு வாங்க."

அதன் பிறகு தினமும் இதே கதைதான். அவள் சொன்னதும் சரி: பொறி நினைவகத்தில் இருந்தது. நான் சொன்னதும் சரி: நிரல் அதை மதிக்கவில்லை. உணவுக்கூடத்தில் சிப்பிச் சூப்புக்கு வரிசையில் நிற்கும்போதுகூட முன்னும் பின்னும் நின்று சண்டை போட்டோம். கோபம் தலைக்கேறினால் அவள் பிரெஞ்சுக்குப் போய்விடுவாள். நானும் அதே பாஷை பேசும் வீட்டில் வளர்ந்தவன் என்று அவளுக்குத் தெரியாது. என்னைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் டன்ஃபி என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மருத்துவமனைகளுக்குக் கருவி செய்யும் ஒரு பெரிய வாடிக்கையாளர். டீபக்கர் இல்லாமல் தங்கள் ஆட்கள் புது இயந்திரத்தைத் தொடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்களாம். "நேர்ல பார்க்க வர்றாங்க. அவங்க நம்மளை விட்டுப் போயிட்டா உன் நாற்காலி, என் நாற்காலி, மேல இருக்கற அந்தப் பொண்ணோட நாற்காலி எல்லாம் தெருவுல." வெளியே வந்தபோது எனக்கு அப்பாவின் சாப்பாட்டு டப்பாதான் ஞாபகம் வந்தது.

இதைக் கேள்விப்பட்டதும் கோலெட் முதல்முறையாக என் இடத்துக்கு இறங்கி வந்தாள், கையில் பாதி கடித்த சாண்ட்விச்சோடு. "உங்க முகத்தைப் பார்க்க வரல. இயந்திரத்தைப் பார்க்க வந்தேன்" என்றாள். நான் காபி கொண்டுவரப் போன நேரத்தில் பொழுது போகாமல் அதே இயந்திரத்தில் சதுரங்க நிரலைத் திறந்து ஆடிக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வந்து பொறியை வைத்தேன். நின்றது! சதுரங்கத்தை மூடினோம், நிற்கவில்லை. திறந்தோம், நின்றது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "கொஞ்சம் சும்மா இருங்க" என்று கை காட்டினாள். பிறகு மெதுவாக, "அது நினைவகத்தையே பாக்கலை" என்றாள்.

விஷயம் இதுதான். வேகத்துக்காகப் புது பிராசஸர் ஒருமுறை படித்த கட்டளைகளை நகலெடுத்துத் தன் மடியிலேயே முடிந்து வைத்துக்கொள்கிறது. நாங்கள் நினைவகத்தில் பொறி வைத்தால் அதற்கு என்ன தெரியும்? மடியிலிருக்கும் பழைய நகலைப் பார்த்து அது பாட்டுக்குப் போகிறது. சதுரங்கம் பெரிய நிரல். அது ஓடினால் மடி நிறைந்து பழைய நகல்கள் வெளியே தள்ளப்படுகின்றன. "மடியை உதறச் சொல்லி என் பக்கம் ஒரு வரி சேர்க்கணும். அப்ப கோளாறு என் பக்கந்தான்" என்றாள். பிறகு, "பாதி" என்று சேர்த்துக்கொண்டாள். நான் பிரெஞ்சில் நன்றி சொன்னேன். அவள் முகம் காது வரைக்கும் சிவந்ததே, ஜெராட், அதைச் சொல்ல எந்தப் பாஷையிலும் எனக்கு வார்த்தை இல்லை.

வாடிக்கையாளர் வந்தார்கள். கறாரான ஓர் அம்மாள் தன் நிரலையே கொண்டுவந்து, திரையில் தனக்குத் தோன்றிய இடத்தில் விரலை வைத்து, "இங்க நிறுத்துங்க பார்க்கலாம்" என்றார். பொறியை வைத்தேன். ஓடவிட்டேன். நின்றது! எல்லா ரெஜிஸ்டரும், அதாவது அந்த நொடியில் பிராசஸர் கையில் வைத்திருந்த எண்களெல்லாம், பளிச்சென்று திரையில். இருக்கும் இடம் மறந்து, "நின்னுடுச்சு!" என்று கத்திவிட்டேன். அந்த அம்மாள் இன்னும் பத்துப் பன்னிரண்டு இடம் காட்டினார். ஒரு இடத்திலும் தவறவில்லை. எந்த ஜோடனையும் இல்லை, கைகொடுப்பார் யாரும் இல்லை. இயந்திரமும் என் டீபக்கரும் மட்டும். நாற்காலிகள் தப்பித்தன. படியேறி ஓடிப்போய் கோலெட்டிடம், கடற்கரைக் கடையில் பொரித்த சிப்பி சாப்பிட வருகிறாயா என்று கேட்கப் போனேன். "முதல்ல மூச்சு வாங்கி முடிங்க. அப்புறம் கேளுங்க" என்றாள். கேட்டேன். வந்தாள்.

அந்த பிராசஸரை இப்போது யாரும் செய்வதில்லை. கம்பெனியை இன்னொருவர் வாங்கி, அவரை வேறொருவர் வாங்கி, பெயர்கூட மிஞ்சவில்லை. ஆலையை வீடு வீடாகத் தடுத்துக் குடியிருப்பாக்கிவிட்டார்கள். போன இலையுதிர்காலத்தில் வீடு வாங்குகிறவர்கள்போல நாங்களும் உள்ளே போய்ப் பார்த்தோம். விற்கிற பெண், "இது பெரிய படுக்கையறை, நல்ல வெளிச்சம்" என்றாள். உன் அக்காவின் மேஜை இருந்த இடம். உத்தரத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். நான் அண்ணாந்து மோந்து பார்த்தேன். கோலெட் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கீழே வந்து காரில் ஏறியதும் அவளே, "கொஞ்சம் இருந்துச்சு, இல்ல? ஆட்டு வாசனை?" என்றாள்.

இதையெல்லாம் இரண்டு வரியாகச் சுருக்குவது உன் பொறுப்பு. பெர்னடெட்டுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் கூரையேறாமல் பிழைக்கும் தொழில் எதையாவது கற்று நீடூழி வாழட்டும்.

உன் அன்புள்ள அத்தான்,
லயனல் திபோடோ

பின்குறிப்பு: தம்பி ஜெராட், இது அக்கா. தபாலில் போடச் சொல்லிக் கடிதத்தை என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். கைகொடுப்பார் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறாரே, அந்த வரியை மட்டும் விருந்தில் பேசாதே. அவர்கள் வந்த அன்று காலையில் பொறி மறுபடியும் தவறியது. மடியை உதறினால் மட்டும் போதாது, நாம் எழுதிய பொறி நினைவகத்துக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே தங்கிவிடுகிறது, முதலில் அதைத் தள்ளிவிட வேண்டும் என்று எனக்குப் புரிந்தபோது அவர்கள் வாசலில் கார் நிறுத்திவிட்டார்கள். உன் அத்தானிடம் சொல்லியிருந்தால் அவர்கள் முன்னால் தடுமாறியிருப்பார். அதனால் மேலே என் மேஜைத் திரையிலிருந்து கம்பி வழியாக அதே இயந்திரத்தில், தேங்கியதெல்லாம் தானாக வெளியே தள்ளப்படட்டும் என்று சதுரங்கத்தைத் திறந்து, அவர்கள் போகும்வரை விடாமல் ஆடினேன். சரியான திருத்தத்தை, இயந்திரம் அவர்களுக்குப் போவதற்கு முன்பே செய்துவிட்டேன், அவர் கவனிக்கவில்லை. அன்றைய ஆட்டத்தில் யோசிக்காமல் காய் நகர்த்தி நகர்த்தி ராணியைக்கூடப் பறிகொடுத்தேன். அதற்காக நான் கொஞ்சமும் வருந்தவில்லை. அவர் "நின்னுடுச்சு!" என்று கத்தியது மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டது.