ஒன்பது பேருக்கு வேலை கொடுத்த குற்றம்

பிரிக்பீல்ட்ஸ்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள திமோத்திக்கு,

அத்தை கேத்தரின் எழுதுவது. ஆண்டவர் அருளால் நான் நலம். நீயும் சமந்தாவும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். மரியாதையாகச் சொல்ல வேண்டியது இத்துடன் முடிந்தது.

கிள்ளானில் பள்ளிச் சீருடை தைக்கும் புனிதாவை உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு எனக்கு ரவிக்கை தைத்தவள். அவளிடம் ஒன்பது பெண்கள் வேலை பார்க்கிறார்கள். துணி வெட்டும் இயந்திரம் செத்துப்போனதால், புதியது வாங்க நீ மேனேஜராக இருக்கும் பெட்டாலிங் ஜெயா கிளையில் கடன் கேட்டாள். விண்ணப்பத்தை நிரப்பியது நான். கான்வென்ட்டில் படித்தவள், ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை. தொழிலாளர் எத்தனை பேர் என்ற இடத்தில் ஒன்பது என்று எழுதி, ஒன்பது பெயரையும் எழுதினேன். கடன் இல்லை என்று பதில் வந்ததும் ரயிலேறி நானே வந்தேன். நீ மீட்டிங்கில் இருந்தாயாம். உனக்குக் கீழே வேலை பார்க்கும் கடன் அதிகாரி முகுந்தன் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ஒம்பது பேரா ஆன்டி? சம்பளம், இபிஎஃப், எல்லாமே செலவு லா. ரெண்டு பேருன்னு போட்டிருந்தா பாஸ் ஆயிருக்கும்."

"மிச்ச ஏழு பேர எங்க ஒளிச்சு வைக்கிறது, தம்பி?"

"தையல் துறையே இப்ப டவுன் ஆன்டி. பேங்க் அதுல கை வைக்காது."

"அப்ப பிள்ளைங்க இனிமே யூனிஃபார்ம் இல்லாமலா ஸ்கூலுக்குப் போகும்?"

கம்ப்யூட்டரைப் பார்த்தான். அதே கம்ப்யூட்டர்தான் புனிதா கடைக்கு எதிரே எழும்பியிருக்கும் நான்கு மாடிக் கிடங்குக்குக் கடன் கொடுத்தது. வீட்டில் இடமில்லாதவர்கள் பழைய சோபாவை வாடகைக்கு வைக்கும் இடம். பூட்டு, விளக்கு, கேமரா எல்லாம் தானே இயங்குகின்றன. வேலைக்கு ஒரே ஒரு காவலாளி, அவரும் பாதி நாள்தான். புனிதாவிடம் பொத்தான் தைக்கும் ரமணி, ஐம்பத்தாறு வயதில், அங்கே கூட்டும் வேலையாவது கிடைக்குமா என்று கேட்டுப் போனாளாம். கூட்டவும் மெஷின் வைத்திருக்கிறார்களாம், திமோத்தி! கடன் போகிற பக்கம் வேலையும் போகும் என்று கிறிஸ்மஸ் விருந்தில் எனக்குப் பாடம் எடுத்தாயே, எங்கே போயிருக்கிறது என்று கொஞ்சம் காட்டு. சோபாக்களுக்கா சம்பளம் கொடுக்கிறார்கள்?

மாதக் கடைசியில் புனிதா கடையை மூடுகிறாள். அதற்குள் விண்ணப்பத்தை நீயே எடுத்துப் படி. இல்லையென்றால் உயிருள்ளவரை உன் வங்கியோடு எனக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. உனக்கு முறுக்கும் கிடையாது.

மாதா உன்னைக் காக்கட்டும். கோபம் என்னுடையது, மாதாவுடையது அல்ல.

அத்தை,
கேத்தரின்

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் வங்கியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பென்ஷன்காரர்களுக்கு உல்லாசப் பயணக் கடனாம். எங்கே போகப்போகிறீர்கள் என்றாள். கிள்ளானுக்கு என்றேன். சிரித்துக்கொண்டே, "உங்கள நம்பி எத்தன பேர் இருக்காங்க ஆன்டி?" என்று கேட்டாள். எழுபத்தெட்டு வயது வரை பொய் சொல்லாமல் கட்டிக் காத்த நாக்கு.

"யாருமில்ல" என்றேன்.

ஐந்து நிமிடத்தில் பாஸ். நாளை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வா, அந்தப் பணத்தில் வாங்கும் இயந்திரத்தைக் கிள்ளானுக்குக் கொண்டுபோக வேண்டும். முறுக்கு உண்டு.