திரைக்குப் பின்னால் ஒரு மாமா

"அந்தக் கை ஏங்க எழுந்திரிக்குது?" என்றாள் மனைவி.

படுக்கையறை மூலையில், இருபது லிட்டர் தண்ணி கேனின் வாயில் மாட்டியிருந்த ரப்பர் கையுறை, ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றது. கேனுக்குள் நசுக்கிய திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட். வாயு வெளியேற ஒரு தனி மூடி வேண்டும், கிடைக்கவில்லை. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவனுக்குக் கையுறைக்கா பஞ்சம்? விரல் நுனியில் ஊசியால் ஓட்டை போட்டு மாட்டிவிட்டான்.

"கை எழுந்தா ஒயின் நல்லா நொதிக்குதுன்னு அர்த்தம். சூப்பர்ல?"

"ஆர்வக்கோளாறு!" அவள் அவனுக்கு வைத்த பெயரே அதுதான். "குடி வாசனையே ஆகாதுன்னு ஓனரம்மா சொல்லித்தானே வீட்டைக் கொடுத்தாங்க? ரெண்டு வருஷத்துல இது அஞ்சாவது வீடு. இன்னொரு தடவை மூட்டை கட்டச் சொன்னீங்க, நான் நேரா எங்க அக்கா வீட்டுக்குத்தான்!"

அழைப்பு மணி அடித்தது. படுக்கையறையை ஒட்டிய குளியலறையில் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க ஓனரம்மாவே வந்துவிட்டார்.

அவன் கேனைத் தூக்கிக் கட்டிலில் வைத்து, போர்வை போர்த்தி, கொடிக்கயிற்றில் ஒரு விரிப்பை இழுத்து மறைத்தான். குலுக்கிய குலுக்கலில் கேனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

குளுக். குளுக்.

"என்ன சத்தம் அது?" என்றபடி ஓனரம்மா உள்ளே வந்தார்.

"எங்க மாமா. ஊர்லேர்ந்து வந்திருக்கார். நெஞ்சுச் சளி."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஓனரம்மா கண்ணைச் சுருக்கினார். "எங்க பெரியப்பாவும் இப்படித்தான். மாடி ரூம்ல மூணு மாசமா படுக்கை. யாரையும் பாக்க விடறதில்ல." விரிப்புக்கு மேலே ஐந்து விரல் முளைத்தது. "என்ன, கையைத் தூக்கறார்?"

"உங்களுக்கு வணக்கம் சொல்றார்."

"ஒத்தைக் கைலயா?"

"இன்னொண்ணுல ட்ரிப்ஸ் ஏறுதும்மா." ஒயினை வடிக்க வாங்கிய குழாய் கட்டிலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"கை வெளுத்துப் போயிருக்கே?"

"ரத்தசோகை."

"வீங்கியும் இருக்கே?"

"இன்னும் வீங்கும்."

"ஏதோ புளிச்ச வாடை வேற..."

"குளிச்சு ஒரு வாரமாச்சும்மா!" என்றாள் மனைவி. அக்கா வீட்டுக்குப் போக அவளுக்கும் இஷ்டமில்லை போலும்.

கையுறையின் ஓட்டையைத் திராட்சைத் தோல் அடைத்திருக்க வேண்டும். டப்! கை கழன்று, விரிப்பைத் தாண்டிப் பறந்து, ஓனரம்மாவின் காலடியில் விழுந்தது.

மூவரும் அதையே பார்த்தார்கள்.

"மாமாவுக்குக் கோவம் வந்துருச்சு," என்றான் அவன்.

"இருங்க. டாக்டர் எங்க பெரியப்பாவைப் பாக்க வந்து மாடிலதான் இருக்கார்."

"ஐயோ வேணாம்மா! மாமாவுக்கு டாக்டர்னாலே அலர்ஜி!"

ஓனரம்மா மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்ததும் டாக்டர் இறங்கி வந்துவிட்டார். கன்னம் சிவந்திருந்தது. ஒரு கையில் பெட்டி, மறு கையில் பிளாஸ்க். நேராக விரிப்புக்குப் பின்னால் போனார். பிளாஸ்க் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. மனைவி பரண்மேல் இருந்த பெட்டிகளை எண்ண ஆரம்பித்தாள்.

டாக்டர் மீசையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"மாமா... பொழைப்பாரா டாக்டர்?" என்றாள் மனைவி.

அவர் ஓனரம்மா பக்கம் திரும்பினார்.

"இவரை மூணு வாரம் அசைக்காம வெச்சு, வடிகட்டி பாட்டில்ல ஊத்தினா, உங்க பெரியப்பாவையே தூக்கிச் சாப்பிட்டுடுவார்மா!"