நியூயோர்க் கண்ட இராஜதுரை

ஒருதரம் போய்வந்தவர் என்றொரு மனித இனம் உலகமெங்கும் பரவிக் கிடக்கிறது. நீங்கள் அவரைத் தேடிப் போக வேண்டாம். ஓர் ஊருக்குப் போகப்போகிறேன் என்று வாய் தவறிச் சொன்னால் போதும், அவரே உங்களைத் தேடி வருவார். அந்த ஊருக்கு அவர் எந்தக் காலத்திலோ ஒரேயொரு தடவை போயிருப்பார். தான் திரும்பிவந்த நாளோடு அந்த ஊர் வளராமல், மாறாமல், வெள்ளைகூட அடிக்காமல் அப்படியே நின்றுவிட்டது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

இத்தாலியின் பலெர்மோவில், ஒரேத்தோத் தெருப் பக்கம் குடியிருக்கும் யாழ்ப்பாணத்தவருக்குள் இந்த இனத்தின் தலைமைப் பதவி இராஜதுரையிடம் இருந்தது. அவர் கண்ட ஊர் நியூயோர்க். எண்பத்தைந்தாம் ஆண்டளவில், அவர் வேலை செய்த வீட்டுச் சின்யோரா அங்கே இருந்த மகனைப் பார்க்கப் போனபோது, பெட்டி தூக்கவும் சமைக்கவும் இவரையும் கூட்டிப் போனாள். அவ்வளவுதான். அன்று தொடங்கிய பேச்சு ஓயவே இல்லை. கோயில் அன்னதானத்தில், பிறந்தநாள் வீட்டில், ஏன், செத்தவீட்டில்கூட யாராவது அமெரிக்கா என்று வாயெடுத்தால், இராஜதுரை கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு, ரெயில் பெட்டி முழுக்கக் கிறுக்கி வைத்திருந்ததையும், தெருவோரம் கார் எரிந்ததையும், பொழுதுபட்டால் சனம் கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டதையும் சொல்லி, கடைசியில் குரலைத் தாழ்த்துவார்.

"தாலிக்கொடியோடை மட்டும் அங்கை போயிடாதேங்கோ. கொடி கழுத்தோடை போயிடும்."

கேட்டிருந்த பெண்களின் கைகள் எல்லாம் கழுத்துக்குப் போகும். அதைப் பார்ப்பதில் அவருக்கு இருந்த சந்தோஷம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

வந்தது வினை. மகள் துசானிக்கு நியூயோர்க்கில் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் ஆறு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். இராஜதுரை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

"ஏலாது."

"இப்ப அப்பிடி இல்லை அப்பா. பார்க்கிலை சனம் பயமில்லாமல் குழந்தையளோடை படுத்துக் கிடக்குது, பாருங்கோ!" என்று அவள் போனை நீட்டினாள்.

"உது படம். நான் நேரை கண்டனான்."

நேரில் கண்டவரிடம் யார் வாதாட முடியும்? பிள்ளை அழுதுகொண்டு அறைக்குள் போய்விட்டாள். இராஜதுரைக்கும் மனம் கேட்கவில்லைதான். ஆனால் விட்டுக்கொடுத்தால் இத்தனை வருடப் பேச்சு என்னாவது?

அந்தச் சனிக்கிழமை, நியூயோர்க்கில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகள் சறோஜா முதன்முறையாகப் பலெர்மோவுக்கு வந்தாள். எங்கள் ஊர் அழகைக் காட்டுகிறேன் என்று இராஜதுரை குடும்பத்தோடு அவளை மொண்டெல்லோக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். ஓகஸ்ட் வெயில். பாதி பலெர்மோ அரைகுறை உடுப்போடு மணலில் கிடந்தது. சறோஜா மட்டும் கழுத்து மூடிய தடித்த சட்டையோடு, கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி வேர்த்து ஒழுகிக்கொண்டு இருந்தாள்.

இராஜதுரையின் மனைவி அம்பிகைக்குப் பொறுக்கவில்லை. "ஏன் பிள்ளை உந்தச் சட்டைக்குள்ளை கிடந்து அவியிறாய்?"

சறோஜா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கழுத்துப் பட்டியை மெல்ல இழுத்துக் காட்டினாள். உள்ளே தாலிக்கொடி, வரிசையாகப் பின் குத்தி உள்சட்டையோடு இறுக்கப்பட்டிருந்தது.

இராஜதுரைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன விசர் வேலை இது! சனம் குடும்பம் குடும்பமாய்ச் சாமம் வரைக்கும் தெருவிலை ஐஸ்கிரீம் குடிக்கிற ஊர் இது. ஆர் உனக்கு உப்பிடிச் சொன்னது?"

"எங்கடை பக்கத்து வீட்டுக் கிறிகோரி அண்ணை. அவர் முந்தி இஞ்சை வந்தவர். அது மாஃபியா ஊர், கொடியை வெளியிலை காட்டாதை எண்டவர். பலெர்மோவைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும்."

"எவ்வளவு காலம் நிண்டவராம்?"

"ரெயில் மாறுறதுக்கு ஸ்தாசியோனே சென்ட்ராலேயிலை ஒரு பின்னேரம் நிண்டவர்."

"ஒரு பின்னேரம்! ஸ்ரேசனிலை நிண்டு பாத்தால் ஊர் தெரியுமோ? அதுவும் எந்தக் காலத்திலை? ஊர் மாறாதோ? ஒருக்கா வந்திட்டு ஆயுள் முழுக்கக் கதை அளக்கிறதோ?"

சொல்லி முடித்த பிறகுதான், அம்பிகை கண் வெட்டாமல் தன்னைப் பார்ப்பதை அவர் கவனித்தார்.

"அப்பா," என்றாள் துசானி மிகவும் மரியாதையாக, "நீங்கள் நியூயோர்க்கிலை எத்தினைதரம் வெளியிலை போனனீங்கள்?"

இராஜதுரை கடலைப் பார்த்தார். "சின்யோராவுக்குக் கால் நோவு. அநேகமா வீட்டிலைதான் நிண்டது."

"ரெயில்?"

"ஒருக்கா ஏறினனான்."

"எரிஞ்ச கார்?"

"யன்னலாலை பாத்தது... பாஸ்தா, பிள்ளை! காணும், போதும்!" அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "திங்கக்கிழமை வரைக்கும் ஏன் பாத்துக்கொண்டிருக்கிறாய்? இண்டைக்கே பதிலைப் போடு."

மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சறோஜா தடித்த மேற்சட்டையையும் பின்களையும் கழற்றிவிட்டு, கொடி மினுங்க, பலெர்மோவுக்கு வந்தபிறகு முதன்முதலாகக் காற்று வாங்கினாள்.

இத்தோடு இராஜதுரை திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களா? இனம் அவ்வளவு லேசில் அழியாது. மகளைக் கொண்டுபோய் விடவென்று மனைவியோடு நியூயோர்க் போனார். திரும்பிவந்த கிழமை கோயிலில் ஊரே அவரைச் சூழ்ந்துகொண்டது. கதிரை முன்னுக்கு நகர்ந்தது.

"அதை ஏன் கேக்கிறியள்? எல்லாத்தையும் கழுவித் துடைச்சு வைச்சிருக்கிறாங்கள். ரெயிலிலை ஒரு கிறுக்கல் இல்லை. கோப்பிக்கடைக்குப் பக்கத்திலை கோப்பிக்கடை. இவள் கொடியோடை ஊர் முழுக்கச் சுத்தினவள், ஒருத்தன் திரும்பிப் பாக்கேல்லை. அந்த நாளையிலை நியூயோர்க் எண்டால் நியூயோர்க்! இப்ப அது ஒரு ஊரே?"

"கொடியை ஒருத்தனும் அறுக்கேல்லை எண்டு இந்த மனிசனுக்குத்தான் பெரிய கவலை," என்றாள் அம்பிகை.

நீங்களும் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். போன கிழமை யாருக்கோ, "அந்த ஊருக்கோ? கவனம்!" என்று புத்தி சொன்னீர்களே, அந்த ஊரை நீங்கள் கடைசியாகப் பார்த்தது எப்போது? யன்னலால்தானே? சரி, அதை விடுங்கள். இந்தக் கதை பலெர்மோவில் நடக்கிறது என்று வாசித்ததும் உங்கள் கை எங்கே போனது?