எங்கே போகவேண்டும் என்று கேட்ட கார்

ஒரு காட்டில் சாலை வருவதற்கு முன்பே கார் வந்துவிட்டது. வாங்கியவர் தணிகாசலம் என்னும் கரடி. அதைப் புங்கமரத்தடியில் நிறுத்தி, தினமும் துடைத்து, உள்ளே உட்கார்ந்து ஹாரன் அடித்து மகிழ்ந்துகொண்டிருந்தார். பிறகு சாலையும் வந்தது. பழைய ஒற்றையடிப் பாதைகளையெல்லாம் விழுங்கிக்கொண்டு, மேம்பாலமும் ஒருவழிப் பாதையுமாக வந்தது. அதன்பின் கண்ணெதிரே நிற்கும் மரத்துக்குப் போவதென்றாலும் அதற்கு முதுகைக் காட்டித்தான் புறப்பட வேண்டியிருந்தது. விலங்குகள் வழி தவறின. ஆகவே, நரி கலியபெருமாள் வழிகாட்டும் கருவிகளுக்கென்று ஒரு கடை திறந்தார்.

தணிகாசலத்துக்குக் கருவி அவசரமாகத் தேவைப்பட்டது. அவருடைய மகள் பூங்கோதைக்கு மலைமேல் ஒரு வரன் அமைந்திருந்தது. அந்தக் காட்டுக் கரடிகளிடையே, பெண் வீட்டார் தேனடை வைத்த தட்டோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது வழக்கம். தட்டை மாப்பிள்ளையின் தாய் வாங்கிக்கொண்டால் சம்பந்தம் முடிந்தது. எல்லாம் நல்ல நேரத்துக்குள் நடக்க வேண்டும்.

பூங்கோதைக்கு இந்தச் சம்பந்தத்தில் துளியும் விருப்பமில்லை. மலைக்கரடிகளின் வீட்டில் மருமகள்கள் மரம் ஏறக்கூடாது. ஆண்கள் ஏறித் தேன் இறக்க, அவர்கள் கீழே நின்று பாத்திரம் பிடிக்க வேண்டும். பூங்கோதையோ அந்தக் காட்டிலேயே உயரமான இலவமரத்தின் உச்சிவரை ஏறுகிறவள். ஆற்றங்கரையில் கார்முகிலன் என்றொரு கரடி இருந்தான். அவளை முந்திக்கொண்டு ஏறவேண்டும் என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பாத்திரம் பிடிப்பதில் அவனுக்கு வெட்கமும் இல்லை. அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் வீட்டில் சொல்லிப் பார்த்தாள்.

“ஆத்தங்கரைக் குடும்பமா? தலைமுடியெல்லாம் மீன் வாடை அடிக்குமே” என்றாள் தாய் குமுதவல்லி.

“பிறகு பார்க்கலாம்மா” என்றார் தணிகாசலம். பிறகு என்பது அந்த வீட்டில் வந்தே அறியாத ஒரு காலம்.

கடையில் நரி இரண்டு வகைகளை எடுத்து விளக்கினார்.

“ஐயா, இது வண்டியோடயே பொருத்துறது. பெரிய திரை. திருட முடியாது. கழன்று விழாது. வண்டியோட மூளை மாதிரி, எல்லாத்தோடயும் இணைஞ்சிருக்கும். இது கையடக்கம். கண்ணாடியில ஒட்டவைக்கலாம், வேணும்னா எடுத்து வேற வண்டியிலயும் வைக்கலாம். விலையும் குறைவு.”

“எதுங்க நல்லது?” என்று கேட்டார் தணிகாசலம்.

“நீங்க வாங்கப்போறது எதுவோ, அதுதாங்க நல்லது” என்றார் நரி. வியாபாரத்தில் அவர் பொய் சொல்வதில்லை.

குமுதவல்லி நெடுநேரம் யோசித்தாள். “எடுத்துட்டுப் போறது வேணாங்க. பக்கத்து வீட்டு முள்ளம்பன்றி இரவல் கேக்கும். குடுத்தா திரும்பி வராது. குடுக்கலேன்னா முகத்தைத் தூக்கி வச்சுக்கும். வண்டியோட பொருத்திட்டா, கேக்க வாயே வராது பாருங்க.”

கருவி தேர்ந்தெடுப்பதில் இதைவிட நுட்பமான காரணம் அதுவரை அந்தக் கடையில் சொல்லப்பட்டதில்லை. வண்டியோடு பொருத்துவதையே வாங்கினார்கள்.

குறித்த நாள் வந்தது. நல்ல நேரம் தொடங்கியது. தணிகாசலம் ஓட்டுநர் இருக்கையிலும், குமுதவல்லி அவர் பக்கத்திலும், தேனடைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பூங்கோதை பின்னாலும் அமர்ந்தார்கள். தணிகாசலம் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டு சாவியைத் திருகினார். திரை ஒளிர்ந்தது. தேனினும் இனிய குரலில் கருவி கேட்டது:

“வணக்கம். எங்கே போகவேண்டும்?”

நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால், போகிற காரியம் உருப்படாது. இது சிங்கம் முதல் சில்வண்டு வரை அறிந்த விஷயம். அறியாதது கருவி ஒன்றுதான்.

“வாயில நல்ல வார்த்தையே வராதா இதுக்கு?” என்றாள் குமுதவல்லி. “இறங்குங்க எல்லாரும். உள்ள போய் ஒரு வாய் தண்ணி குடிச்சு, கொஞ்சம் உக்காந்துட்டு வரலாம்.”

இறங்கினார்கள், தண்ணீர் குடித்தார்கள், உட்கார்ந்தார்கள், மறுபடி ஏறினார்கள். தணிகாசலம் இம்முறை சாவியை மிக மெதுவாகத் திருகினார். மெதுவாகத் திருகியதால் கருவியும் நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

மறுபடி தண்ணீர்.

அடுத்த முறை குமுதவல்லி ஒரு வழி கண்டாள். கேள்வி காதில் விழுந்தால்தானே சகுனத்தடை? எல்லோரும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் சாவி திருகுகிறவர் காதைப் பொத்த முடியாது. ஆகவே தணிகாசலத்தின் காதுகளைக் குமுதவல்லி பொத்தினாள். குமுதவல்லியின் காதுகளைப் பின்னாலிருந்து பூங்கோதை பொத்தினாள். வண்டி உறுமிக் கிளம்பத் தயாரானது. பெற்றோர் முகத்தில் வெற்றி தெரிந்தது.

“அம்மா” என்றாள் பூங்கோதை அடக்கமாக. “எனக்குக் கேட்டுச்சும்மா.”

தண்ணீர்ப் பானை காலியாவதற்குள் இராகுகாலம் பிறந்துவிட்டது.

மலையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சொன்ன நேரத்துக்கு வராத இடத்தில் சம்பந்தம் வைப்பது அவர்கள் வழக்கமில்லையாம். இருந்தாலும் இன்னொரு நாள் தருகிறார்களாம். அன்றும் தவறினால், வேறு பெண் தயாராக இருக்கிறதாம்.

தணிகாசலம் கடைக்கு ஓடினார்.

“அது கேக்காம இருக்க ஏதாவது வழி உண்டா?”

“உண்டுங்க. அதுக்குள்ள போய் மாத்தணும்” என்றார் நரி. “ஆனா உள்ள போகணும்னா அது முதல்ல எங்கே போகவேண்டும்னுதான் கேக்கும்.”

“அப்ப கழற்றிடுங்க.”

“கழற்றலாம். அதோட குளிர்காற்றும் பாட்டும் ஹாரனும் சேர்ந்து போயிடும். எல்லாத்தோடயும் இணைஞ்சிருக்குன்னு அன்னைக்கே சொன்னேனே.”

ஹாரன் போகும் என்று கேட்டபோது தணிகாசலத்தின் கண் கலங்கியது. மகளின் வாழ்வை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டு கழற்றச் சொன்னார். பதிலுக்குக் கையடக்கக் கருவி ஒன்றை வாங்கினார். இதற்குப் போகுமிடத்தை முன்கூட்டியே, வீட்டுக்குள் உட்கார்ந்தே, அடித்து வைத்துவிடலாம். பிறகு அது யாரையும் எதுவும் கேட்காது.

வீட்டில் தணிகாசலம் அடித்துப் பார்த்தார். கரடி நகம் பட்ட இடத்தில் ஓரெழுத்துக்கு நான்கெழுத்து விழுந்தது. கருவி அவரைக் கடலுக்கு அழைத்துப் போக ஆயத்தமானது.

“உங்க நகத்துக்கு இது சரிப்படாதுப்பா. குடுங்க, நான் அடிச்சுத் தரேன்” என்றாள் பூங்கோதை.

“பார்த்தியா குமுதா? அரைகுறை மனசா இருந்த பிள்ளை, தானே முன்வந்து செய்யுது” என்றார் தணிகாசலம்.

“நம்ம வளர்ப்பு அப்படிங்க” என்றாள் குமுதவல்லி.

பூங்கோதை ஆற்றங்கரையின் பெயரை ஒரு பிழையுமில்லாமல் அடித்தாள்.

மறுபடியும் குறித்த நாள். மறுபடியும் நல்ல நேரம். சாவி திரும்பியது. கருவி எதுவும் கேட்கவில்லை. “நேராகச் செல்லவும்” என்று மட்டும் சொன்னது. குமுதவல்லிக்கு அந்தக் குரலைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முதல் பள்ளத்திலேயே கருவி கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்ததால், பூங்கோதையே அதைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

சாலை பிரியும் இடம் வந்தது. வலப்பக்கம் மலை, வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. “இடது பக்கம் திரும்பவும்” என்றது கருவி.

தணிகாசலம் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. கேட்கக்கூடாத கேள்வியும் அதுவே.

“மலை வலது கைப் பக்கம் இருக்காப்பல தெரியுது” என்றார் தணிகாசலம், யாரிடமும் சொல்லாததுபோல.

“இருக்கட்டும். அது எங்க ஓடிடப்போகுது? இந்தப் புதுச் சாலையில வலது பக்கம் போகணும்னா இடது பக்கம்தான் திரும்பணும். மூணு பாலம் சுத்தி வந்து சேரும். நீங்க வண்டியப் பாருங்க.”

திரும்பினார். மலை முதலில் பக்கவாட்டுக் கண்ணாடிக்கும், பிறகு பின்கண்ணாடிக்கும் போய்ச் சிறியதாகிக்கொண்டே வந்தது. குளிர்காற்று இல்லாததால் சன்னல்கள் திறந்திருந்தன.

“மீன் வாடை வருது” என்றார் தணிகாசலம்.

“எனக்கும் மூக்கு இருக்குங்க.”

“நல்ல காரியத்தன்னைக்கு மலையில மீனா சமைக்கிறாங்க?”

குமுதவல்லி மெதுவாகப் பின்னால் திரும்பி மகளைப் பார்த்தாள். பூங்கோதை தட்டையும் கருவியையும் பிடித்துக்கொண்டு, கண்களைத் தாழ்த்தி, எந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் ஏற்ற பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். தாய்க்கு எல்லாம் புரிந்தது. தந்தைக்கும் புரியத் தொடங்கி, வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

“பூங்கோதை, நாம இப்ப எங்...”

குமுதவல்லி அவர் வாயைப் பொத்தினாள். “கேட்டுடாதீங்க” என்றாள். “இப்பத் திரும்பினா மலைக்குப் போறதுக்குள்ள இராகுகாலம் வந்துடும். அந்த இடம் போச்சு. இதையும் சகுனத்தடையாக்கிட்டு, தட்டும் கையுமா வீட்டுக்குத் திரும்பினா, முள்ளம்பன்றி வாசல்லயே நின்னு பாக்கும். அதுக்கு என்ன சொல்லுவீங்க?”

தணிகாசலம் யோசித்தார். முள்ளம்பன்றியை நினைத்ததும் வண்டியை மறுபடி கிளப்பினார்.

ஆற்றங்கரையில், நாணல் வேய்ந்த வீட்டு வாசலில், கார்முகிலனின் தாய் செண்பகவடிவு மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். காரைக் கண்டு அக்கம்பக்கத்து நீர்நாய்களெல்லாம் கூடிவிட்டன. கார்முகிலன், பிடித்திருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கவும் மறந்து நின்றான்.

“வாங்க வாங்க, உள்ள வாங்க” என்றாள் செண்பகவடிவு, கையைத் துடைத்துக்கொண்டே. “என்ன, இந்தப் பக்கமா வந்துட்டு, அப்படியே எங்களையும் எட்டிப் பாத்துட்டுப் போகலாம்னா?”

தணிகாசலத்துக்கு இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. ஆமாம் என்று ஒரு வார்த்தை; ஒரு வாய் மோர்; பிறகு வீடு. அவர் வாயைத் திறந்தார்.

“நீங்கள் சேரவேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்” என்றது பூங்கோதையின் கையிலிருந்த கருவி. கேட்காதவர்களுக்காக இன்னொரு முறையும் சொன்னது.

நீர்நாய்கள் கருவியைப் பார்த்தன; தட்டைப் பார்த்தன; கார்முகிலனைப் பார்த்தன. நல்ல நேரம் முடிவதற்கு இன்னும் சற்றே அவகாசம் இருந்தது. குமுதவல்லி மகளின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். தள்ளியது கோபத்தினாலா ஆசியினாலா என்று பூங்கோதை திரும்பிப் பார்க்கவில்லை. செண்பகவடிவு இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் தணிகாசலம் கருவியைத் தூக்கிக்கொண்டு நரியின் கடைக்குப் போனார்.

“வழி தவறிடுச்சுங்களா?” என்று கேட்டார் நரி.

“இல்லை.”

“சொன்ன இடத்துல கொண்டுபோய் விடலையா?”

தணிகாசலம் கொஞ்சம் தயங்கினார். “விட்டுச்சு.”

“பிறகு என்னங்க குறை?”

“எங்கே போகவேண்டும்னு என்னை ஒரு வார்த்தை கேக்கலையே” என்றார் தணிகாசலம்.

நரி மிகுந்த மரியாதையோடு, பழைய கருவியைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டி அவர் முன் வைத்தார்.

நீதி: வண்டியோடு பொருத்திய வழிகாட்டி போகுமிடத்தைக் கேட்கும், கையடக்க வழிகாட்டி கேட்காமலே கொண்டுபோய்விடும். ஆகையால் பெண்ணைப் பெற்றவர்கள் முன்னதையும், பெண்கள் பின்னதையும் வாங்குக.